மச்சானுக்கு அனுப்பிய மடக்குக் கத்தி

மஸ்கட்
3.5.2024

அன்புள்ள அக்கா முத்துப்பேச்சிக்குத் தம்பி கதிரவன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சினேகாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

மச்சான் போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. நான் வரவில்லை. நோன்பும் பெருநாளும் சேர்ந்து வந்ததால் கடையில் லீவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சாக்கைக் கேட்டு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஊர்க்காவலன் மச்சான் இருந்திருந்தால், "விடுடி, அவன் என்ன செய்வான்" என்று எனக்காகப் பேசியிருப்பார். அப்படிப் பேச இப்போது ஆள் இல்லை.

சினேகா போனுக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று அவளைக் கேள். "அம்மா பேச மாட்டேங்குறாக மாமா. என்னன்னாலும் எழுதச் சொல்றாக" என்கிறாள். நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் லீவுக்கு எழுதியது. அதிலும் பொய்தான் எழுதினேன். இப்போது பேனாவைப் பிடித்தால் கை கோணிக்கொண்டு போகிறது.

மச்சானுடைய சாமான்கள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்துவிட்டதா? சைக்கிள், சாப்பாட்டுத் தூக்கு, மற்றவை? பதில் எழுது. கடை விலாசத்துக்கே எழுதலாம். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
கதிரவன்


திருத்தங்கல்
24.5.2024

தம்பி கதிரவனுக்கு அக்கா எழுதுவது. சினேகா இருக்கிறாள். நான் பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குத் திரும்பவும் போகிறேன். நலம் விசாரித்ததற்கு இவ்வளவுதான் பதில்.

ஏன் போனில் பேசவில்லை என்கிறாய். பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் போர்மேன் என்னிடம், "நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல ஒம்பது பேர உக்கார வச்சுட்டாக தாயி. அவசர ஆர்டர். வெக்கை தாங்காம மருந்து சூடாகிருச்சு" என்று சொன்னான். பதினைந்து நாள் கழித்து விசாரணை அதிகாரியிடம் அவனே, "ஊர்க்காவலன் இரும்புக் கத்தி கொண்டாந்தான். அதுல பொறி வந்துருச்சு" என்று சொல்லியிருக்கிறான். நான் சட்டையைப் பிடித்து, "ஏலே, அன்னைக்கு என்ன சொன்ன?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்கிறான். வாயால் சொல்கிற சொல்லுக்கு இனி என்னிடம் மதிப்பு கிடையாது. என்னிடம் பேசுகிறவர்கள் எழுதட்டும்.

அந்தக் கத்தி எது தெரியுமா? பொங்கலுக்கு அங்கிருந்து ஊருக்கு வந்த சங்கையா கையில் நீ கொடுத்துவிட்ட கத்தியாம். சங்கையா அதைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். கையில் கொடுத்தால் பகை வரும் என்று. உன் மச்சான் குனிந்து எடுத்தார். அன்றைக்கே டீக்கடைக்குக் கொண்டுபோய், "எம் மச்சினன் வெளிநாட்டுல இருந்து அனுப்பிருக்கான்" என்று ஊருக்கெல்லாம் காட்டினார். அத்தனை பேரும் சாட்சி.

இரும்பு உரசினால் பொறி வரும், பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் திரி வெட்டப் பித்தளைக் கத்திதான் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கேட்டில் சாவிக்கொத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். உன் மச்சான் பத்தொன்பது வருடம் திரி வெட்டியவர்.

அவரோடு மூன்று பெண்கள் போனார்கள். ஒருத்தி எதிர்வீட்டு வேலுத்தாய். அவள் புருஷன் கோட்டைச்சாமி நேற்றுத் தெருவில் நின்று, "ஒம் புருசன் ஒரு கத்திய வச்சு நாலு கழுத்த அறுத்துட்டாருல்லா" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கே தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுது. நீ அனுப்பியது என்ன கத்தி? அதைக் கம்பெனிக் கட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லி அவருக்கு ஏதாவது ஓதினாயா?

முத்துப்பேச்சி


மஸ்கட்
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சத்தியமாக நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. "மச்சான், இத வச்சு நுங்கு சீவுங்க, மாங்கா நறுக்குங்க" என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது மச்சான் ஒரு ராத்திரி முழுக்க என்னைக் கத்தியைப் பற்றியே பேச வைத்தார். நான் வேலை பார்ப்பது வேட்டைக்கும் முகாமுக்கும் வேண்டிய சாமான்கள் விற்கிற கடை. கவுண்டரில் என் பக்கம் முழுக்கக் கத்திதான். "பதினேழு வருசமா பித்தளையவே புடிச்சிருக்கேன்லே. வெட்டுதா தேய்க்குதான்னே தெரியாது. ஒரு நல்ல கத்தி கையில எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது பாக்கணும்" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

நல்ல கத்தியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை அக்கா. வேட்டைக் கத்தி என்றால் அலகு கைப்பிடிக்குள் பாதியோடு நின்றுவிடக் கூடாது, கடைசிவரை ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆட்டுத் தொடையைப் பிரிப்பதற்குள் கைப்பிடி கையோடு வந்துவிடும். மடக்குக் கத்தி என்றால் மடக்கி வைத்து மேலிருந்து பார்க்க வேண்டும். அலகு இரண்டு பக்கமும் ஒட்டாமல் நட்டநடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். விரித்தால் ஒரு சத்தம்தான் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் வந்தால் பூட்டு சரியில்லை. விரித்த கத்தியின் நுனியைப் பிடித்து ஆட்டினால் பல் ஆடுவதுபோல் ஆடக் கூடாது. கூர் பார்க்கக் கட்டைவிரல் சதையில் தடவுகிறவன் கத்தி தெரியாதவன். நகத்தின் மேல் லேசாகச் சாய்த்து வைத்தால் போதும். கூர் இருந்தால் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் வழுக்கும். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் பளபளப்புதான் கிடைக்கும். காசுள்ள ஆட்கள் பெட்டியைப் பார்த்து வாங்கிப் போவார்கள். எனக்குச் சிரிப்பாக வரும்.

மச்சானுக்கு அனுப்பியது ஆலிவ் மரக் கைப்பிடி. மஞ்சளில் பழுப்பு வரி ஓடும். இரண்டு முனையிலும் பித்தளைக் கட்டு. பித்தளையோடு வாழ்ந்த மனுசன், அதையும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றுதான் அதை எடுத்தேன். அலகு நாலு விரல் அகலத்துக்கு நீளம். முதுகு தடிமன், நுனி போகப் போக மெலிசு. என் இரண்டு மாதச் சம்பளம் அது.

அதிகாரியிடம் இருக்கும் கத்தியை நீ உன் கண்ணால் பார்த்தாயா? பார்த்தால் எப்படி இருந்தது என்று எழுது. சினேகாவுக்கு என் அன்பு.

கதிரவன்


திருத்தங்கல்
1.7.2024

தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ எழுதிய மூன்று பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் கத்தியின் அழகு. எரிகிற வீட்டில் நின்று விறகின் விலை சொல்வது என்பார்களே, அது இதுதான். ஆனாலும் அந்த ஒன்றரைப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

விருதுநகருக்குப் போய் விசாரணை ஆபீஸில் இரண்டு நாள் காத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு கிளார்க், "பாத்துட்டுப் போயிரும்மா, தொடக் கூடாது" என்று பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே காட்டினார். நான் தொட்டேன்.

கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி. ஒரு பக்கம் மட்டும் அடுப்பில் காட்டி எடுத்த மாதிரி கருகியிருக்கிறது. மறுபக்கம் புதுசு. அலகு என் சுண்டுவிரல் நீளம்தான். முதுகில் ரம்பம் மாதிரி பல் வெட்டியிருக்கிறது. மரமும் இல்லை, பித்தளையும் இல்லை. பையோடு சேர்த்துப் பிடித்து விரித்துப் பார்த்தேன். டக்கென்று விரிந்தது, டக்கென்று மடங்கியது. ஆட்டினால் ஆடியது. கிளார்க் பிடுங்கிக்கொண்டு, "ஒனக்கு எதுக்கும்மா இம்புட்டு ஆராய்ச்சி?" என்றார்.

பக்கத்திலேயே இன்னொரு பையில் அவருடைய பித்தளைக் கத்தி இருந்தது. அது முறுக்கிய கடலை மிட்டாய்க் காகிதம் மாதிரி இருக்கிறது. அவர் கையில் இருந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

முத்துப்பேச்சி


மஸ்கட்
17.7.2024

என் அருமை அக்காவுக்கு,

அது என் கத்தி இல்லை! கடையில் ஓர் ஓரமாக நின்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுக் கத்திவிட்டேன். அது சந்தையில் பூட்டும் சாவியும் விற்கிற இடத்தில் கூறு கட்டி வைத்திருக்கிற கத்தி. அதை நான் என் எதிரிக்குக்கூட அனுப்ப மாட்டேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அது அந்த அறைக்குள் இருக்கவே இல்லை. பித்தளையே முறுக்கிக்கொள்கிற சூட்டில் பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் கருகுமா? அவ்வளவு சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் செத்துவிடும். டக்கென்று மடங்காது, கிழவன் முழங்கால் மாதிரி மடங்கும். யாரோ பிறகு வாங்கிச் சுட்டு வைத்திருக்கிறார்கள். மச்சான் டீக்கடையில் காட்டிய கதை அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வீட்டைத் தேடு அக்கா. மச்சான் அந்தக் கத்தியை வீட்டில்தான் வைத்திருப்பார். அது முழுசாகக் கிடைத்தால் கம்பெனிக் கதை அதோடு முடிந்தது. மச்சான் பேரில் ஒரு தூசி ஒட்டாது. கோட்டைச்சாமி அண்ணன் முகத்துக்கு நேராக நீ தலை நிமிர்ந்து நடக்கலாம். கிடைத்த உடனே எழுது. நான் இருக்கிறேன், பயப்படாதே.

உன் தம்பி
கதிரவன்


திருத்தங்கல்
6.8.2024

அன்புத் தம்பி கதிரவனுக்கு அக்கா எழுதுவது. நீ நல்லா இருக்க வேண்டும். இதை மனசார எழுதுகிறேன்.

கத்தி கிடைத்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், இத்தனை மாதம் நான் தேடவே இல்லை. தேடிக் கிடைக்காமல் போனால் கோட்டைச்சாமி சொன்னது மெய்யாகிவிடும் என்ற பயம். உன் கடிதம் வந்த அன்று நானும் சினேகாவும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். நிலைக்கு மேலே, சைக்கிள் பம்புக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். நீ சொன்ன மாதிரியே மஞ்சள் மரம், பழுப்பு வரி, இரண்டு முனையிலும் பித்தளை. சினேகா அதைப் பார்த்ததும், "அப்பா ஞாயித்துக்கெளம மட்டுந்தாம்மா இத எடுப்பாக. வேலைக்கு எடுத்துட்டுப் போங்கப்பான்னேன். 'அது கட்டுக்குள்ள வரக் கூடாத சாமான்டி'ன்னாக" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அவர் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

நகத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.

விசாரணை செப்டம்பர் பத்தாம் தேதி. மனு எழுதித் தருகிறவர் சொல்கிறார்: அலகின் அடியில் 417 என்று எண் வெட்டியிருக்கிறது, அந்த எண்ணைப் போட்டு, "நான் என் மச்சானுக்கு அனுப்பியது இந்த ஒரு கத்திதான்" என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். கடை பில்லையும் கூட வைத்துவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாதாம். ஒரு பக்கம் எழுதினால் போதும். விரைவுத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா
முத்துப்பேச்சி


மஸ்கட்
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இடையில் காய்ச்சல். அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது. பத்தாம் தேதி போய்விட்டது என்று தெரியும்.

கத்தியை ஈரக்கையோடு தொடாதே. அது துருப்பிடிக்கிற இரும்பு, நல்ல இரும்பெல்லாம் அப்படித்தான். வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் விடு. கீலில் ஒரு சொட்டு போதும், அதிகம் விட்டால் தூசி சேரும்.

பில் எங்கேயோ தவறிவிட்டது. தேடுகிறேன். கத்தியை நீ காட்டினாலே போதாதா? நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? அந்த எண்ணை மட்டும் யாரிடமும் பெரிதாகக் காட்டிக்கொண்டிருக்காதே. அரத்தால் ஒரு இழு இழுத்துவிட்டால்கூட நல்லதுதான். கத்திக்குக் கெடுதல் வராது. இதைப் பற்றிச் சங்கையாவிடமும் பேச வேண்டாம்.

சினேகா நன்றாகப் படிக்கட்டும்.

கதிரவன்


திருத்தங்கல்
9.10.2024

கதிரவனுக்கு,

உனக்குக் காய்ச்சல் குணமாகியிருக்கும்.

உன் கடிதத்துக்காகப் பத்தாம் தேதி காலைவரை தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். பிறகு கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். நீ எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்பிரிங்கைச் சொன்னேன், பிளாஸ்டிக்கைச் சொன்னேன். "நீங்க கத்தி டாக்டராம்மா?" என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். போர்மேனும் சிரித்தான்.

பிறகு அவர் கேட்டார்: "ஒரு வீட்டுல ரெண்டு கத்தி இருக்கக் கூடாதா? ஒங்க தம்பி ரெண்டு அனுப்பியிருக்கலாம். ஒண்ணுதான் அனுப்புனேன்னு அனுப்புனவர் எழுதிக் கொடுத்திருக்காரா?"

நான் இல்லை என்றேன்.

"அப்ப அவரு ஏன் எழுதல?"

கதிரவா, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீயே சொல். நவம்பர் பதினெட்டாம் தேதி கடைசி. அதோடு அறிக்கை எழுதி மூடிவிடுவார்கள். கோட்டைச்சாமி ஆபீஸ் வாசலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காராமல் திருத்தங்கல்வரை நின்றுகொண்டே வந்தார்.

எண்ணைத் தேய்க்கச் சொல்கிறாய். எதற்கு? எனக்கு இப்போது வேறு ஒரு பயம் வந்திருக்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பில் எங்கே? கத்தி எப்படி உன் கைக்கு வந்தது? எழுது.

முத்துப்பேச்சி


மஸ்கட்
2.11.2024

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

பில் கிடையாது. அந்தக் கத்தியை நான் வாங்கவில்லை. கடையிலிருந்து எடுத்தேன்.

பத்து வருடமாக அந்தக் கத்திகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விரித்துக் காட்டி விற்கிறேன். ஒன்றுகூட எனக்கென்று இல்லை. மச்சான் ஒவ்வொரு போனிலும், "என்னலே, எங் கத்தி என்னாச்சு?" என்று விளையாட்டாகக் கேட்பார். மட்டமானதை அனுப்ப மனம் வரவில்லை. நல்லதை வாங்கக் கையில் தெம்பில்லை. சங்கையா கிளம்புகிற அன்று அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரிக் கடைசியில் சரக்கு எண்ணினார்கள். 417 மட்டும் குறைந்தது. மேனேஜர் என்னிடம், கண்ணாடிப் பெட்டியைக் கடைசியாகத் திறந்தது யார் என்று கேட்டார். நான் சூர்யபிரகாஷ் என்று சொன்னேன். அவன் என்னோடு கவுண்டரில் நிற்கிற பையன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் வீடு. நம்ம ஜில்லாக்காரன். நான்தான் அவனுக்கு ஸ்பிரிங் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றே நாளில் ஒரு பேப்பரைக் கையில் கொடுத்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். "அண்ணே, நான் எடுக்கலண்ணே. நீங்களாவது நம்புங்க" என்றான். நம்புகிறேன் என்று சொன்னேன்.

இப்போது நான் 417 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசி. இங்கே திருட்டு என்றால் ஜெயில். மச்சான் போய்விட்டார். அவருக்கு இனி எந்தப் பேர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நான் உயிரோடு இருக்கிறேன் அக்கா. உனக்கும் சினேகாவுக்கும் கடைசிவரை நான் செய்கிறேன். இதை விட்டுவிடு.

உன் தம்பி


திருத்தங்கல்
25.11.2024

கதிரவனுக்கு முத்துப்பேச்சி எழுதுவது. நானும் சினேகாவும் நலம். இதை இந்த வருடத்தில் முதல் தடவையாகக் கூசாமல் எழுதுகிறேன்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. கிழிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆலங்குளம் பஸ் ஏறினேன். கையில் கத்தி, பைக்குள் உன் கடிதம். போகிற வழியெல்லாம் நான் யாருக்காகப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. செத்துப்போனவருக்கு எந்தப் பேர் வந்தால் என்ன என்று எழுதியிருக்கிறாயே, அதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவர் பேர் எங்கேயும் போய்விடவில்லை. சினேகா பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைத் தன் பேருக்குப் பக்கத்தில் தினம் எழுதுகிறாள்.

சூர்யபிரகாஷ் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். தலையெல்லாம் சிமெண்ட். கத்தியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். விரித்து, மேலே பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தான். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே செய்தான். பிறகு உன் கடிதத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டு, ஏர்போர்ட் வருகிற இடத்தை மட்டும் சத்தமாக வாசித்தான். "பத்து மாசமா சொல்லுறேன். நீயே நம்பலல்லாம்மா" என்றான். அந்த அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

அவனைக் கடையை விட்டு அனுப்பியபோது கொடுத்த பேப்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். அதில் ஆங்கிலத்தில் எல்லாம் இருக்கிறது. சரக்கில் காணாமல் போனது ஒரே ஒரு கத்தி, எண் 417, ஆலிவ் மரக் கைப்பிடி, கடை முத்திரை. நீ எழுத மாட்டேன் என்றதை உன் கடையே எழுதி வைத்திருக்கிறது.

பதினெட்டாம் தேதி அவன் என்னோடு வந்தான். ஒரு நாள் கூலி போச்சு. அதிகாரி பேப்பரையும் கத்தியையும் உன் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கறுப்புக் கத்தி யாருது?" என்று அவர் கம்பெனிக்காரர்களைக் கேட்டார். அவர்கள் போர்மேனைப் பார்த்தார்கள். போர்மேன் சுவரைப் பார்த்தான். அறிக்கையில் உன் மச்சான் பேர் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். ஒன்பது பேரை உட்கார வைத்தது யார் என்று ஒரு வரி கிடையாது. நான் கேட்டதற்கு, "அது வேற கேசும்மா" என்றார்கள். ஜெயித்தேன் என்று சொல்ல முடியாது.

கோட்டைச்சாமி அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத தாயி" என்றார். திண்ணையில் உட்காரச் சொன்னேன். அவருக்கும் வேலுத்தாய் திரும்பி வரப் போவதில்லை.

இப்போது உன் விஷயம். சூர்யபிரகாஷ் உன் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தையும் சேர்த்து உன் மேனேஜருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். என்னைக் கேட்காமல் அனுப்ப அவனுக்கு மனமில்லை. "அக்கா, ஒங்க தம்பி உள்ள போயிருவாருக்கா. ஒரு பத்து நாள் பொறுத்து அனுப்புறேன். நீங்க முன்னால எழுதுங்க, அவரா போய்ச் சொல்லிக்கிடட்டும்" என்றான். மூட்டை தூக்குகிற அந்தப் பையனுக்கு உன்மேல் இருக்கிற இரக்கம் உனக்கு அவன்மேல் ஒரு நாளும் இருந்ததில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு யாரும் பத்து நாள் கொடுக்கவில்லை. அவனுக்கு நீ மூன்று நாள்தான் கொடுத்தாய்.

அதனால் அவன் கவரையும் இந்தக் கடிதத்தையும் ஒன்றாக இன்று நானே தபாலாபீஸில் சேர்க்கிறேன். இரண்டுக்கும் விலாசம் ஒன்றுதான். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் எது முதலில் போய்ச் சேரும் என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுக்கா. ஒரு நாள் முன்னபின்ன இருக்கும்" என்றாள்.

இது முந்தினால் நேராகப் போய் நீயே சொல்லிவிடு. அது முந்தினால் உன் மேனேஜர் கேட்பதற்குப் பதில் சொல். என் தம்பி என்பதால் இது முந்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்கா
முத்துப்பேச்சி